நான் சேர்த்துவிட்ட 22 பேர்

போன இதழில் வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுவதைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்குமேல் கணக்கு நோட்டைப் பற்றியவை அல்ல. "ஒரு கம்பெனியில் ஐடி போட்டிருக்கிறேன்", "மகன் ஏதோ மீட்டிங் போகிறான்", "மச்சினர் வீட்டுக்கு வந்து பிளான் காட்டினார், மறுக்க முடியவில்லை" என்றுதான் இருந்தன. எல்லாம் ஒரே விஷயம்தான்: பணம் கட்டி ஐடி, அதாவது உறுப்பினர் எண் வாங்கி, நமக்குக் கீழே ஆள் சேர்த்தால் கமிஷன் என்கிற சங்கிலி வியாபாரம். வங்கியில் 33 வருடம் இருந்தவள் நான். இந்தக் கதையைக் கவுன்டருக்கு உள்ளிருந்தும் பார்த்திருக்கிறேன், வெளியிலிருந்தும் பட்டிருக்கிறேன். அதனால் இந்த இதழில் மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில்.

கேள்வி: அம்மா, நான் பிளவுஸ் தைப்பவள். மகளிர் குழுவில் இருக்கிறேன். ஏழு மாதத்துக்கு முன்பு பள்ளித் தோழி ஒருத்தி பிளான் காட்டினாள். குழுக் கடனில் 12,500 ரூபாய் எடுத்துப் பேக்கேஜ் வாங்கிச் சேர்ந்தேன். இதுவரை கமிஷனாக 31,400 ரூபாய் கையில் வந்திருக்கிறது. எனக்குக் கீழே இடது பக்கமும் வலது பக்கமுமாக 22 பேர். இப்போது, மாதக் கடைசிக்குள் 35,000 கட்டி அடுத்த ரேங்க் போகாவிட்டால் சேர்ந்திருக்கிற பாயின்ட் எல்லாம் போய்விடும் என்கிறார் அப்லைன், அதாவது சங்கிலியில் எனக்கு மேலே இருப்பவர். கணவருக்கு இது எதுவும் தெரியாது. கட்டலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: கட்டாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கடிதம் அச்சாகி வருவதற்குள் மாதக் கடைசி வந்துவிடும் என்பதால் தனியாகவும் உங்களுக்கு எழுதிவிட்டேன்.

நீங்கள் மூன்று பக்கம் எழுதியிருந்தீர்கள். முதல் பக்கத்தில் வரவு. செலவெல்லாம் இரண்டாவது பக்கத்திலும் மூன்றாவது பக்கத்திலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பேச்சுவாக்கில் கிடந்தது. அதை நான் ஒரே தாளில் எடுத்து எழுதினேன். பேக்கேஜ் 12,500. ஐடி ஆக்டிவாக இருக்க வேண்டும் என்று மாதம் 2,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கியது, ஆறு மாதத்துக்கு 12,000. கோயம்புத்தூர் மீட்டிங்குக்கு டிக்கெட், பஸ், சாப்பாடு 3,800. மண்டபத்துக்கும் டீக்கும் உங்கள் பங்கு 2,100. போன் ரீசார்ஜ், ஊர் ஊராகப் போய்வந்த செலவு மாதம் 500 என்று 3,500. வலது பக்கம் ஆள் குறைகிறது, இடதுக்கு வலது ஜோடி சேரவில்லை என்பதற்காக நாத்தனார் பெயரில் நீங்களே கட்டிய இன்னொரு 12,500. குழுக் கடனுக்கு ஏழு மாத வட்டி, நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் 875. மொத்தம் 47,275.

வந்தது 31,400. நீங்கள் 15,875 ரூபாய் நட்டத்தில் இருக்கிறீர்கள். வாங்கிய சோப்பும் பற்பசையும் வீட்டில் செலவானதே என்று கேட்பீர்கள். கடையில் வாங்கினால் 4,000 ரூபாய் ஆகியிருக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கழித்துக்கொள்வோம். 11,875. ஆனால் இதோடு கணக்கு முடியவில்லை. தையலில் மாதம் 6,000 வந்துகொண்டிருந்தது, இப்போது 2,000தான் வருகிறது என்று கடைசி வரியில் ஒரு வாக்கியம் இருக்கிறதே, கடிதம் முழுவதிலும் என்னை உலுக்கியது அதுதான். மாதம் 4,000 வீதம் ஏழு மாதத்துக்கு 28,000. சேர்த்தால் 39,875 ரூபாய். உழைத்துச் சம்பாதித்த ஒரு பெண், மேடையில் மாலை போட்டுக்கொண்ட அதே ஏழு மாதத்தில் இழந்த தொகை இது.

மேடையில் காசோலையைப் பெரிதாக அச்சடித்துக் காட்டுகிறார்களே, அதில் இருப்பது வரவு மட்டும். செலவுப் பக்கத்தை யாரும் அச்சடிப்பதில்லை. வங்கியில் ஒரு பெட்டிக்கடைக்காரர் கடன் கேட்டு வந்தால்கூட "வியாபாரம் எவ்வளவு" என்பதோடு நிறுத்த மாட்டோம், "கொள்முதல் எவ்வளவு, வாடகை எவ்வளவு" என்று கேட்போம். உங்களிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் நின்றுவிடுவீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அது இதைவிடக் கனமானது. 22 பேர், தலைக்கு 12,500. அதாவது 2,75,000 ரூபாய். இந்தப் பணம் உங்கள் தெருவிலிருந்தும் உங்கள் குழுவிலிருந்தும் நாத்தனார் ஊரிலிருந்தும் கிளம்பிப் போயிருக்கிறது. உங்கள் கைக்கு வந்தது 31,400. ரூபாய்க்கு 11 காசு. மிச்சம் 89 காசு கம்பெனிக்கும் அப்லைனுக்கும் பொருளின் அடக்க விலைக்குமாகப் போய்விட்டது. நாளை ஏதாவது ஆனால் அந்த 22 பேரும் கம்பெனி வாசலுக்குப் போக மாட்டார்கள். அதன் விலாசமே அவர்களுக்குத் தெரியாது. உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள்.

"கொஞ்சம் பொறுத்தால் எல்லாரும் மேலே வந்துவிடுவோம்" என்று அப்லைன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் வர முடியுமா என்று பார்ப்போம். உங்கள் 22 பேரும் நீங்கள் இருக்கும் இடத்துக்கு வரவேண்டுமானால் ஆளுக்குப் புதிதாக 22 பேர் வேண்டும். 484. அவர்களும் வர 10,648. அவர்களும் வர 2,34,256. 2011 கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் நகரத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 2,07,000. கைக்குழந்தையிலிருந்து படுத்த படுக்கையாக இருக்கும் கிழவிவரை அத்தனை பேரும் 12,500 கட்டினாலும் நான்காவது அடுக்குக்கு ஆள் போதாது. அதிலும், நீங்கள் இப்போது நிற்பது நட்டத்தில். இந்த இடத்துக்கு வருவதற்கே அவர்களுக்கு ஒரு நகரம் தேவைப்படுகிறது.

இனி செய்யவேண்டியது. இன்றிலிருந்து ஒருவரையும் சேர்க்காதீர்கள். பிரிக்காத பொருளையெல்லாம் ஒரு பக்கம் எடுத்து வையுங்கள், பில்லைத் தேடுங்கள், திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அப்லைனிடம் கேட்பது கேட்டதாக ஆகாது. கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கே அனுப்புங்கள். நேரடி விற்பனை நிறுவனம் ஒவ்வொன்றும் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும், அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் இணையதளத்தில் போட வேண்டும் என்பது சட்டவிதி. உங்கள் 22 பேரில் கடைசியாகச் சேர்ந்தவர்கள் யார் என்று பாருங்கள். சேர்ந்த பிறகு மனம் மாறினால் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள ஒப்பந்தத்தில் ஒரு கால அவகாசம் இருக்கும். போன வாரம் சேர்ந்தவருக்கு அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அவரிடம் இன்று மாலையே போய்ச் சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

குழுக் கடனை முதலில் அடைத்துவிடுங்கள், அதில் உங்கள் பெயர் மட்டும் இல்லை, மற்றப் பெண்களின் பெயரும் இருக்கிறது. கணவரிடம் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். கடிதத்தில் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவர் கோபப்படுவார், ஆனால் கைவிடும் மனிதராகத் தெரியவில்லை. தாளில் எழுதிய கணக்கைக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் சேர்ந்திருக்கும் நிறுவனம் மத்திய அரசில் பதிவு பெற்றது. ஜிஎஸ்டி எண் இருக்கிறது. ஐஎஸ்ஓ சான்றிதழ் இருக்கிறது. பான் கார்டு வாங்கி, கமிஷனில் டிடிஎஸ் பிடித்து, வங்கிக் கணக்கில்தான் பணம் போடுகிறார்கள். இவ்வளவும் இருக்கும்போது மோசடி என்று எப்படிச் சொல்கிறீர்கள்?
— வாசகர், சேலம்

பதில்: ஒவ்வொன்றாகப் பார்ப்போம், ஏனென்றால் மீட்டிங்கில் ஸ்லைடு போட்டுக் காட்டுவது இந்த வரிசையைத்தான்.

கம்பெனிப் பதிவு என்பது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. பிறந்திருக்கிறது என்று சொல்லும், நல்லது செய்யும் என்று சொல்லாது. ஜிஎஸ்டி எண், வரி வசூலித்துக் கட்டுவதற்கு. ஐஎஸ்ஓ, வேலை செய்யும் முறையைப் பற்றியது, வருமானத் திட்டத்தை யாரும் பரிசோதித்து முத்திரை குத்தவில்லை. உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம் காட்டுவார்கள், அது டப்பாவுக்குள் இருக்கும் மாவைப் பற்றிப் பேசுகிறது, உங்கள் கமிஷனைப் பற்றி அல்ல. டிடிஎஸ் பிடிப்பது வருமான வரித் துறைக்காக. வரி வாங்கிக்கொண்டதால் அரசு அந்தத் தொழிலுக்கு ஜாமீன் நிற்கிறது என்று ஆகாது.

வங்கிக் கணக்கைப் பற்றி நான் அனுபவத்திலிருந்தே சொல்லலாம். நடப்புக் கணக்கு தொடங்க ஒரு கம்பெனி வந்தால் பதிவுச் சான்று, பான், இயக்குநர்களின் அடையாளச் சான்று, விலாசம் எல்லாம் பார்ப்போம். அவர்கள் மக்களிடம் காட்டும் பிளானை எங்களிடம் காட்ட மாட்டார்கள். திருப்பூர் பாசி ஃபாரக்ஸ் நினைவிருக்கிறதா? அதுவும் முறையாகப் பதிவு பெற்ற தனியார் நிறுவனம்தான். 2009-ல் சிக்கியது. நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் விவகாரம். 2022 ஆகஸ்டில்தான் கோவை நீதிமன்றம் இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. இடையில் 13 வருடம். பணம் போட்டபோது பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகியிருக்கும். அது சங்கிலி வியாபாரம் அல்ல, முதலீட்டு மோசடி. ஆனால் 'பதிவு பெற்ற கம்பெனி' என்ற சொல்லை நம்பியவர்கள் இரண்டிலும் ஒரே மாதிரிதான்.

இப்போது சட்டம். பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் என்று 1978-லேயே ஒன்று வந்துவிட்டது. புதிய ஆட்களைச் சேர்ப்பதை வைத்துப் பணம் கிடைக்கும் என்று சொல்லி நடத்தும் திட்டம் அதன்கீழ் குற்றம். நடத்துபவர் மட்டும் அல்ல, உறுப்பினராகச் சேர்வதும், அதற்காகப் பணம் வாங்குவதும் அனுப்புவதும்கூடத் தடைக்குள் வருகிறது. மூன்று ஆண்டுவரை சிறை, 5,000 ரூபாய்வரை அபராதம். அந்த 5,000 ரூபாய் 1978-ன் மதிப்பிலேயே நின்றுவிட்டது என்பது என் வருத்தம். இதைத் திருத்தச் சொல்லி யார் கேட்டாலும் முதல் கையெழுத்து நான் போடுவேன்.

அதற்குப் பிறகு 2021 டிசம்பரில், நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்தின்கீழ் நேரடி விற்பனை விதிகள் வந்தன. பொருளை நேரடியாக விற்பது தவறில்லை, ஆளுக்குக் கீழ் ஆள் சேர்ப்பதிலேயே பணம் காட்டும் பிரமிடு திட்டமும் பணச் சுழற்சியும் கூடாது என்பது அதன் சாரம். விற்க வருபவர் தான் யார், எந்த நிறுவனம், எதற்காக வந்திருக்கிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. உங்களை முதன்முதலில் எப்படி அழைத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். "சும்மா வாங்க, ஒருத்தரை அறிமுகப்படுத்துறேன்" என்றா, "இன்ன கம்பெனிப் பொருளை விற்க உங்களைச் சேர்க்கப்போகிறேன்" என்றா? சேர்வதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்பது 2016 வழிகாட்டுதலிலேயே இருந்தது. அதனால்தான் இப்போது 'நுழைவுக் கட்டணம்' என்று யாரும் சொல்வதில்லை. 'பேக்கேஜ்', 'கிட்', 'ஸ்டார்ட்டர்' என்று பெயர் மாறிவிட்டது.

பெரிய நிறுவனம், உண்மையான பொருள், பல வருடப் பெயர் எல்லாம் இருந்தாலும் கேள்வி எழாமல் போவதில்லை. 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை ஆம்வே இந்தியாவின் 757 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சொத்துகளை முடக்கியபோது, வெளிச்சந்தையில் கிடைக்கும் அதே மாதிரிப் பொருள்களைவிட விலை மிக அதிகம் என்பதைத்தான் முக்கியமாகச் சொன்னது. அது அமலாக்கத் துறையின் குற்றச்சாட்டு, விசாரணைக்கு ஒத்துழைப்பதாக நிறுவனம் சொன்னது. வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் வாங்கும் டப்பாவின் விலையையும் அண்ணாச்சி கடையில் அதே எடைக்கு என்ன விலை என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் எங்கே போகிறது என்பது உங்கள் பிளான் தாளிலேயே இருக்கும்.

2024 ஜனவரியில் கோவை நீலாம்பூர் பக்கம் ஆயிரக்கணக்கான பேர் கூடினார்களே, வழக்குக்கு ஆளான ஒரு நிறுவனத்துக்கு ஆதரவாக. அதைப் பார்த்துப் பலரும் கேலி செய்தார்கள். எனக்குக் கேலி வரவில்லை, வயிறு கலங்கியது. கம்பெனி நின்றால் போட்ட பணம் போகும், தன்னை நம்பிப் போட்டவர்களின் பணமும் போகும் என்று தெரிந்தவர், அது நிற்கக் கூடாது என்றுதான் வந்து நிற்பார். வேறு எப்படி வீட்டுக்குத் திரும்ப முடியும் அவரால்?

கேள்வி: மகன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். விடுதியில் இருக்கிறான். சீனியர் ஒருவன் 'ஆன்லைன் பிசினஸ்' என்று சேர்த்துவிட்டிருக்கிறான். செமஸ்டர் கட்டணம் 40,000-ஐ அதில் போட்டுவிட்டான். நாங்கள் ஏதாவது சொன்னால் "நெகட்டிவாகப் பேசுகிறவர்களோடு பேசக் கூடாது என்று டிரெயினிங்கில் சொல்லியிருக்கிறார்கள்" என்கிறான்.
— ஒரு தாய், திருச்சி

பதில்: அந்த டிரெயினிங்கின் நோக்கமே அதுதான். கேள்வி கேட்கக்கூடியவர் அப்பா, அம்மா, கணக்குத் தெரிந்த மாமா. அவர்களை முதலிலேயே 'நெகட்டிவ்' என்று ஒதுக்கிவிட்டால் பிறகு பையனிடம் பேச அப்லைன் மட்டுமே மிச்சம். திட்டாதீர்கள். திட்டினால் அவர்கள் சொன்னது பலித்துவிட்டதாக நினைப்பான்.

அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உன் டீமில் சேராமல், வெறும் பொருள் மட்டும் வாங்கி உபயோகிக்கிறவர்கள் எத்தனை பேர்?" படித்த பையன், பதில் அவனுக்கே தெரியும். ஒருவரும் இல்லை என்றால் அங்கே வாடிக்கையாளரே இல்லை, ஒருவர் பணத்தை ஒருவர் எடுத்துக்கொள்கிறார்கள். இதை அவனே கண்டுபிடிக்க இரண்டு வாரம் விடுங்கள். அந்த இரண்டு வாரத்தில் விடுதிக்குப் பணம் அனுப்பாதீர்கள், மெஸ் கட்டணத்தை நேராகக் கல்லூரிக்குக் கட்டுங்கள். செமஸ்டர் கட்டணத்தைத் தவணையில் கட்டக் கல்லூரியில் அனுமதி கேட்கலாம். முதல்வரிடம் சொல்லும்போது விஷயத்தை மறைக்காதீர்கள், அதே விடுதியில் இன்னும் பத்துப் பையன்கள் இருப்பார்கள்.

கேள்வி: அத்தைக்குச் சர்க்கரை நோய். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த ஜூஸ் குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று ஒரு மாதமாக மாத்திரையை நிறுத்திவிட்டார். பாட்டில் 1,900 ரூபாய்.
— வாசகி, மதுரை

பதில்: இதழைக் கீழே வைத்துவிட்டு அவரை இன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மாத்திரையைத் திரும்ப எப்படி ஆரம்பிப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும், புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வதையே தடுக்க 1954-லிருந்து சட்டம் இருக்கிறது. அதனால் பாட்டிலின் லேபிளில் அப்படி எழுத மாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர் வாயால் சொல்லவைப்பார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை, மீட்டிங்கில் கேட்டதைச் சொல்கிறார். ஆனால் உங்கள் அத்தையின் சிறுநீரகத்துக்கும் கண்ணுக்கும் அந்த வித்தியாசம் தெரியாது.

கேள்வி: இந்தியாவில்தான் ஏமாற்றுக்காரர்கள். அமெரிக்காவில் இந்தத் தொழில் பல்கலைக்கழகப் பாடமாகவே இருக்கிறது, அங்கே லட்சக்கணக்கானோர் பணக்காரர் ஆகியிருக்கிறார்கள் என்கிறார் என் அப்லைன். உண்மையா?
— வாசகர், ஈரோடு

பதில்: அமெரிக்காவில் வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தை எஃப்டிசி என்பார்கள். 2024-ல் அதன் அலுவலர்கள், இதே சங்கிலி வியாபாரம் செய்யும் 70 எம்எல்எம் நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளை எடுத்துப் படித்தார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வருடத்துக்கு 1,000 டாலரோ அதற்கும் கீழோதான் பெற்றிருக்கிறார்கள். மாதத்துக்கு 84 டாலர்கூட இல்லை. குறைந்தது 17 நிறுவனங்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே வரவில்லை. இதிலும் செலவைக் கழிக்கவில்லை. ஒன்றும் சம்பாதிக்காதவர்களைப் பல அறிக்கைகள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. திண்டுக்கல் தங்கையின் முதல் பக்கம் மாதிரிதான், வரவு மட்டும்.

2016-ல் ஹெர்பலைஃப் நிறுவனம் அந்த ஆணையத்தோடு சமரசம் செய்துகொண்டு 20 கோடி டாலர் கட்டியது. அடுத்த வருடம் ஏறக்குறைய 3,50,000 பேருக்கு அதிலிருந்து காசோலை போனது. ஆள் சேர்ப்பதற்காக அல்லாமல் உண்மையில் நடந்த விற்பனைக்காக மட்டுமே பணம் கொடுக்கும்படி அமெரிக்காவில் திட்டத்தையே மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. உங்கள் அப்லைன் அமெரிக்காவைப் பற்றிப் பேசினால் இதையும் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்ஐசி ஏஜென்ட்டும் கமிஷன்தானே வாங்குகிறார்? சீட்டுக் கம்பெனியிலும் ஆள் சேர்க்கிறார்களே? அதற்கும் இதற்கும் என்ன?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: நாளையிலிருந்து புதிய ஏஜென்ட் ஒருவர்கூடச் சேரவில்லை என்று வையுங்கள். எல்ஐசி ஏஜென்ட்டுக்குத் தன் பாலிசிதாரர் கட்டும் பிரீமியத்திலிருந்து கமிஷன் வந்துகொண்டுதான் இருக்கும். பதிவு பெற்ற சீட்டு, 1982 சீட்டு நிதிச் சட்டப்படி, இத்தனை பேர் இத்தனை மாதம் என்று தொடங்கும்போதே கணக்கு மூடியிருக்கும். இருபது பேர் சீட்டுக்கு இருபத்தோராவது ஆள் தேவையில்லை. இந்தச் சங்கிலிக் கம்பெனிகளில் நாளை ஆள் வரவில்லை என்றால் நாளை மறுநாள் பணம் வராது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். என்னிடம் படித்தவர்கள், உடன் வேலை பார்த்தவர்கள் என்று 14 பேரைச் சேர்த்துவிட்டேன். கம்பெனி இப்போது போனை எடுப்பதில்லை. புகார் கொடுக்க வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் கடைத்தெருவில் அவர்களைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பி நடக்கிறேன். அவர்களிடம் என்ன சொல்வது?
— பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: ஐயா, புகாரை முதலில் முடித்துவிடுவோம். நுகர்வோர் உதவி எண் 1915. கடந்த சில நாட்களில் ஆன்லைனில் பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிட வேண்டும். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும் பொருளாதாரக் குற்றப் பிரிவிலும் எழுத்தில் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள், 14 பேரோடும் போங்கள், ஒவ்வொருவரின் ரசீதும் தனித்தனியாக இருக்கட்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நீங்களும் சேர்த்துவிட்டவர்தான் என்பதால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். மறைப்பதைவிட முன்வந்து சொல்வது உங்களுக்கும் நல்லது.

என்ன சொல்வது என்பதற்கு, நான் இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதாத ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது.

2004-ல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிளையில் துணை மேலாளராக இருந்தேன். சத்துமாவு விற்கும் ஒரு கம்பெனியை உறவினர் ஒருவர் கொண்டுவந்தார். ஐடிக்கு 6,800 ரூபாய். வங்கி ஊழியர் வேறு தொழில் செய்யக் கூடாது என்பது தெரிந்தும் கணவர் பெயரில் போட்டேன். ஏழு பேரைச் சேர்த்தேன். என் அண்ணி, எதிர் வீட்டு டீச்சர், கிளையில் இரண்டு கிளார்க், அவர்களில் ஒருவரின் தங்கை, கேஷியர், பிறகு எங்கள் அட்டெண்டர். அட்டெண்டரிடம் பணம் இல்லை. மனைவியின் இரண்டரைப் பவுன் சங்கிலியை எங்கள் கிளையிலேயே அடகு வைத்துக் கட்டினார். அந்த நகைக்கடன் சீட்டில் கையெழுத்திட்டு அனுமதித்தவள் நான்.

பதினோரு மாதத்தில் மதுரையில் இருந்த ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. அட்டெண்டர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் பதினொரு மணிக்கு என் மேஜையில் டீ வைத்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் நகைக்கடன் புதுப்பிக்கும் சீட்டுகள் கையெழுத்துக்கு வந்தன. நடுவில் அவர் சீட்டு. வட்டி மட்டும் கட்டிக் கட்டி இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்று மாலையே அசலும் வட்டியும் கட்டி நகையை மீட்டு, அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் மனைவி வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "உங்களை நம்பித்தானேம்மா குடுத்தோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பேருக்கு எதையும் சொல்லித் தப்பிக்க அங்கே இடம் இல்லை. "தப்பு என்னுடையது, விசாரிக்காமல் உங்களைச் சேர்த்துவிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

அதே வாக்கியத்தைத்தான் நீங்களும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், ஐயா. "நானும் ஏமாந்தேன்" என்று தொடங்காதீர்கள். அது உண்மைதான், ஆனால் கேட்பவருக்கு அது இரண்டாவதாக வரட்டும். 14 பெயரையும் எழுதுங்கள். யாருக்கு அந்தப் பணம் மிகவும் பெரியது என்று பார்த்து அவர் வீட்டுக்கு முதலில் போங்கள், போனில் வேண்டாம். முழுப் பணமும் உங்களால் கொடுக்க முடியாமல் போகலாம், ஓய்வூதியத்தில் எவ்வளவு முடியும் என்று உங்கள் வீட்டில் பேசிவிட்டுப் போங்கள், முடியாததைச் சொல்லாதீர்கள். சிலர் ஏசுவார்கள். சிலர் "விடுங்க சார்" என்பார்கள், அது இன்னும் கஷ்டம்.

என் அண்ணிக்கு 2011-ல்தான் கொடுத்து முடித்தேன். வாங்கிக்கொண்டார், பேசவும் செய்கிறார். ஆனால் நிலமோ நகையோ எது வாங்கினாலும் வாங்கி முடித்த பிறகே எனக்குத் தெரியவரும். ஏழில் ஆறு பேருக்கு முடிந்துவிட்டது. கேஷியர் பணி மாறுதலில் வடக்கே போனவர், விலாசம் கிடைக்கவில்லை. அவருடைய 6,800 ரூபாய் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஒரு உறையில் இருக்கிறது.